திரையில் ஓடும் செப்பாங்: மோட்டோ ஜிபி மின்விளையாட்டின் பந்தயத் தடங்கள்



மின்விளையாட்டு பற்றி விளக்கக் கட்டுரை எழுதச் சொன்னால், படிவம் 4, 5 மாணவர்களில் பலர் நன்மை, தீமை என இரண்டு பட்டியலைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். கண் கெடும், நேரம் வீணாகும், ஆனால் பணம் சம்பாதிக்கலாம். அவ்வளவுதான். அதே பசங்களிடம் ஓய்வு நேரத்தில் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "சார், செப்பாங்ல கடைசி கார்னருக்கு லேட்டா பிரேக் பிடிச்சா நேரா மண்ணுக்குள்ளதான்" என்று கையை ஆட்டி ஆட்டி விளக்குவார்கள். கட்டுரையில் வரவேண்டிய விளக்கம் அந்தப் பேச்சில் இருக்கிறது. அதை எப்படி எழுத்துக்குக் கொண்டுவருவது என்பதைப் பந்தயத் தடங்களை வைத்தே பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் பின்னணி. மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் உச்ச நிலை மோட்டோ ஜிபி. அதன் மின்விளையாட்டுப் போட்டி 2017-இல் தொடங்கியது. இத்தாலியின் மிலான் நகரைச் சேர்ந்த மைல்ஸ்டோன் நிறுவனம் உருவாக்கும் மோட்டோ ஜிபி விளையாட்டில்தான் போட்டி நடக்கிறது. வீட்டிலிருந்தபடி இணையத்தில் ஒரு தடத்தை மிகக் குறைந்த நேரத்தில் சுற்றிக் காட்டுபவர்கள் அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். முதல் ஆண்டின் இறுதிச் சுற்று ஸ்பெயினின் வலென்சியாவில், உண்மையான பந்தயம் நடந்த அதே வாரத்தில் நடந்தது. இத்தாலியரான லொரென்சோ டரெட்டி வென்றார். விளையாட்டில் வரும் தடங்கள் யாரோ கற்பனையில் வரைந்தவை அல்ல. வீரர்கள் நிஜமாக ஓட்டும் தடங்களை அளந்து, வளைவு வளைவாகத் திரைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

நம் செப்பாங்கையே எடுத்துக்கொள்வோம். 1999-இல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஜெர்மானியரான ஹெர்மன் டில்கே. நீளம் 5.543 கிலோமீட்டர், வளைவுகள் 15. இதை எழுதி நிறுத்தினால் அது தகவல் மட்டுமே. "அதனால் என்ன?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். செப்பாங்கில் இரண்டு நீளமான நேர்த்தடங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் பார்வையாளர் மாடம். இரண்டையும் இணைப்பது 15-ஆவது வளைவு, இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவு. மிக வேகமாக வரும் மோட்டார் அங்கே ஏறக்குறைய முழு வேகத்தையும் இழந்தாக வேண்டும். அந்த இடத்தில் முந்த நினைப்பவர் பிரேக்கைத் தாமதமாகப் பிடித்து உள்பக்கம் நுழைவார். நுழைந்துவிடலாம். ஆனால் வெளியே வரும்போது அகலமாகப் போய்விடுவார். அடுத்த நேர்த்தடத்தில் வேகம் எடுக்க முடியாது. பொறுமையாகப் பின்னால் வந்தவர் அங்கே அவரைத் தாண்டிப் போவார். ஆகவே இந்த வளைவில் நுழையும் வேகத்தைவிட வெளியேறும் வேகத்துக்கே மதிப்பு அதிகம். இப்போது பாருங்கள், 'இரண்டு நேர்த்தடங்கள்' என்ற தகவல் ஒரு காரணமாக மாறிவிட்டது.

இது திரையிலும் அப்படியே பொருந்தும். பொருந்தாததும் ஒன்று உண்டு. செப்பாங் வெயிலும் புழுக்கமும்! தோல் உடையும் தலைக்கவசமும் அணிந்து 40 நிமிடம் ஓட்டுபவரின் கை சோர்ந்துபோகும், கவனம் சிதறும். குளிரூட்டப்பட்ட அறையில் விளையாடுபவருக்கு அந்தப் பிரச்சினையே கிடையாது.

இந்த வேறுபாட்டை 2020-இல் உலகமே பார்த்தது. கோவிட் காரணமாகப் பந்தயங்கள் நின்றுபோக, மார்ச் 29 அன்று உண்மையான மோட்டோ ஜிபி வீரர்களே வீட்டிலிருந்து விளையாட்டுக் கருவியில் போட்டியிட்டார்கள். தடம் இத்தாலியின் முஜெல்லோ. வென்றவர் அலெக்ஸ் மார்க்கெஸ். முஜெல்லோவின் நேர்த்தடம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல். 2023-இல் பிராட் பைண்டர் மணிக்கு 366.1 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது அங்கேதான். அந்த நேர்த்தடத்தின் முடிவில் ஒரு மேடு இருக்கிறது. பிரேக் பிடிக்க வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் முன்சக்கரம் தரையை விட்டு மேலே எழும்பும். நிஜத்தில் அதை வீரரின் வயிறு உணரும், கையும் உணரும். திரையிலோ கண் மட்டும்தான் வேலை செய்கிறது. அந்தத் தடத்தைத் தலைகீழாகத் தெரிந்தவர்களே அன்றைக்கு விழுந்து விழுந்து எழுந்தார்கள், சிரித்துக்கொண்டே.

ஜெர்மனியின் சாக்சன்ரிங் தடம் வேறு மாதிரி. 13 வளைவுகளில் 10 இடப்பக்கம், 3 மட்டுமே வலப்பக்கம். டயரின் வலப்பக்கத்துக்கு நீண்ட நேரம் வேலை இல்லாததால் அது ஆறிப்போகும். அப்புறம் திடீரென்று இறக்கத்தில் வலப்பக்க வளைவு வரும். பிடிப்பு இல்லாமல் பலர் அங்கே விழுந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் பிலிப் தீவு கடலை ஒட்டியது, காற்று பலமாக வீசும். 2015-இல் ஆண்ட்ரியா இயனோனே ஓடும்போது ஒரு கடற்பறவைமீது மோதியும் மூன்றாவதாக வந்தார். விளையாட்டில் பறவை குறுக்கே வராது என்பது பசங்களுக்கு நிம்மதி!

இனிச் சொல்லப்போவது கனமான செய்தி. விளையாட்டின் தடப் பட்டியலில் 'மிசானோ வேர்ல்ட் சர்க்கிட் மார்கோ சிமோன்செல்லி' என்று ஒரு பெயர் வரும். மாணவர்கள் அதை நூறு முறை அழுத்தியிருப்பார்கள். யார் அந்த மார்கோ சிமோன்செல்லி? சுருட்டை முடி வைத்த இத்தாலிய வீரர், எண் 58. 2008-இல் 250 சிசி பிரிவின் உலகப் பட்டத்தை உறுதி செய்தது நம் செப்பாங்கில். மூன்று ஆண்டுகள் கழித்து, 2011 அக்டோபர் 23 அன்று, அதே செப்பாங்கில், இரண்டாவது சுற்றின்போது 11-ஆவது வளைவில் வழுக்கி விழுந்தார். பின்னால் வந்த இரண்டு மோட்டார்கள் அவர்மீது மோதின. அவருக்கு வயது 24. அன்றைய பந்தயம் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு மிசானோ தடத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

திரையில் அதே 11-ஆவது வளைவில் விழுந்தால் சில விநாடிகளில் மோட்டார் மறுபடியும் தடத்தில் நிற்கும். அது விளையாட்டின் குறை என்று நான் சொல்லமாட்டேன். பயமில்லாமல் நூறு முறை முயன்று பார்க்க முடிவதால்தான் பசங்களுக்கு அந்த வளைவு அவ்வளவு நுணுக்கமாகத் தெரிகிறது. ஆனால் வளைவு தெரிந்தவனுக்கு அதன் வரலாறும் தெரிந்தால், அவன் எழுதும் பத்தியே மாறிவிடும்.

இன்னொரு எடுத்துக்காட்டு, ஆஸ்திரியாவின் ரெட்புல் ரிங். 2020 ஆகஸ்டில் அங்கே ஸார்கோவும் மோர்பிடெல்லியும் மோதிக்கொண்டார்கள். ஆளில்லாத மோட்டார்கள் பறந்துவந்து ரோஸியையும் வின்யாலெஸையும் நூலிழையில் தவறவிட்டன. 2022-இல் மோதல் நடந்த அந்தப் பகுதியில் ஓர் இரட்டை வளைவைப் புதிதாகச் சேர்த்து வேகத்தைக் குறைத்தார்கள். "நல்லா இருந்த தடத்த ஏன் சார் மாத்துனாங்க?" என்று கேட்கும் மாணவனுக்கு இதுதான் பதில். இதைக் காரணம், விளைவு, மாற்றம் என்று மூன்று வாக்கியத்தில் அவனையே எழுதச் சொல்லுங்கள்.

கலைச்சொற்களில் ரொம்பக் கடுமை வேண்டாம். தடம், நேர்த்தடம், வளைவு, கொண்டை ஊசி வளைவு, சுற்று, முந்துதல் ஆகியவை இருந்தாலே முக்கால்வாசி எழுதிவிடலாம். பிரேக், டயர் ஆகியவற்றை அப்படியே விட்டுவிடலாம். 'தடுப்பான்' என்று எழுதினால் படிப்பவருக்குச் சாலையோரத் தடுப்புதான் நினைவுக்கு வரும்.

பயிற்சி: நீங்கள் விளையாடிய அல்லது தொலைக்காட்சியில் பார்த்த ஒரு தடத்தில் ஒரே ஒரு வளைவைத் தேர்ந்தெடுங்கள். அந்த வளைவை இதுவரை பார்த்தே இராத உங்கள் பாட்டிக்குப் புரியும்படி, 'ஏனெனில்', 'ஆகவே', 'இல்லாவிட்டால்' ஆகிய மூன்று சொற்களையும் பயன்படுத்தி 120 சொற்களில் விளக்குக. எண்கள் இரண்டுக்கு மேல் வேண்டாம். தடத்தின் படம் வரைந்து இணைக்கலாம், ஆனால் படத்துக்குப் புள்ளி இல்லை.