பக்கவாதத்துக்கு லித்தியம் கைகொடுக்குமா?

பக்கவாதம் வந்தவரின் கை, டம்ளரைப் பிடிக்கப் போய் பாதியில் நின்றுவிடுகிறது. கையில் கோளாறு இல்லை. அதை இயக்கும் மூளைப் பகுதிக்கு ரத்தம் போகாமல் செல்கள் மடிந்துவிட்டன. சுற்றியுள்ள செல்கள் புது இணைப்புகளை உருவாக்கினால்தான் கை மீளும்.

லித்தியம் இங்கே எப்படி உதவலாம்? 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், மனஎழுச்சி நோய்க்கு அது பலன் தருவதாக எழுதினார். மூளைச் செல்களில் அது செயல்படும் விதம் இப்படி: லித்தியம் அயனி அளவில் மக்னீசியம் அயனியை ஒத்தது. அதனால் மக்னீசியத்தின் இடத்தில் புகுந்து, ஜிஎஸ்கே-3 என்ற நொதியை அடக்குகிறது. செல்லைச் சாவை நோக்கித் தள்ளுவதில் இந்த நொதிக்குப் பங்குண்டு. லித்தியத்தால் நரம்பை வளர்க்கும் பிடிஎன்எஃப் புரதமும் கூடுகிறது. லித்தியம் கொடுத்த எலிகளில் மூளைச் சேதம் குறைந்தது.

மனிதர்களில்? 2014-இல் வெளியான ஈரானியச் சிற்றாய்வில், மொத்த நோயாளிகளிடம் தெளிவான பலன் தெரியவில்லை. மூளையின் புறணி பாதிக்கப்பட்டவர்களிடம் மட்டும் அசைவுத்திறன் கூடுதலாக மீண்டது. நம்பிக்கைக் கீற்றுதான், ஆனால் தீர்ப்பு அல்ல.

எச்சரிக்கை அவசியம்: ரத்தத்தில் லித்தியம் சற்றுக் கூடினாலும் நஞ்சாகும், சிறுநீரகமும் தைராய்டும் பாதிக்கப்படலாம். மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. இன்றைக்கு உறுதியான வழி, உடனே மருத்துவமனை, பிறகு விடாத பயிற்சி.