பதினேழாவது பிரிவும் மணிக்கட்டுக் கயிறும்

நெல்லைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு என்ன என்று பத்தாம் வகுப்பில் கேட்டால், கைகட்டி நின்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பான் பையன்: தீண்டாமை ஒழிக்கப்பட்டது, கடைப்பிடிப்பது குற்றம். கட்டிய கையின் மணிக்கட்டில் அவன் ஜாதிக்குரிய நிறத்தில் கயிறு கிடக்கும். முழு மார்க் போடத்தான் வேண்டும்; பதில் சரிதானே!

பாடத்திட்டத்தில் அறத்துக்குக் குறைவில்லை. தீண்டாமையைக் கண்டிக்கும் வாசகம் பல்லாண்டுகளாகப் பாடநூல்களில் அச்சாகிறது. 2016இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபின், 6 முதல் 12ஆம் வகுப்பு வரை திருக்குறளின் 105 அதிகாரங்கள் பாடத்தில் வந்துவிட்டன. ஆனால் நீதிபோதனை பீரியட்? டைம் டேபிளில் இருக்கும். அரையாண்டு நெருங்கினால் கணக்கு டீச்சர் கேட்டு வாங்கிக்கொள்வார். குடிமையியல், போர்ஷன் முடிக்கிற அவசரத்தில் ஓடிவிடும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை ஜாதி வன்மத்தில் வீடு புகுந்து வெட்டியவர்கள் பள்ளி மாணவர்கள். அதன்பின் பள்ளிகளில் ஜாதி மோதலைத் தடுக்க அமைந்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிற்றுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் தடையா என்றுதான் ஊரெல்லாம் விவாதம். மாணவர்களைப் பெயரின் அகர வரிசையில் உட்கார வைக்கவும் குழு சொன்னது. எனக்கு அந்த வரிசைதான் பெரிய பாடத்திட்டம். பக்கத்தில் உட்காருவதே பாடமாவது புதிதல்ல. 1956இல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கியது பசிக்காக. பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுப்பதற்காக. ஆனால் எல்லாப் பிள்ளையும் ஒரே வரிசையில் தட்டு வைத்த அந்தப் பந்தி, எந்த நீதிக்கதையும் செய்யாததைச் செய்தது.

என் வகுப்பிலும் அகர வரிசைதான். ஒரு தாய் வந்து, "ஏன் டீச்சர், எம் புள்ளைய அவன் பக்கத்துல உக்கார வச்சிருக்கிய?" என்றார்.

"பேரு அப்படி வருதும்மா."

பதிவேட்டோடு யார் சண்டை போடுவது? முணுமுணுத்துக்கொண்டே போனார். இப்போது அந்த இரண்டு பையன்களுக்கும் ஒரே ஜாமெட்ரி பாக்ஸ். (கணக்கு பீரியடில் அரட்டையும் ஒன்றாகத்தான், அந்தப் புகார் தனி.) கயிறு இன்னும் அவிழவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெற்றோரே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தேர்ச்சி விகிதத்தை மட்டும் கேட்காதீர்கள். வகுப்பில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், துடைப்பத்தை யார் கையில் கொடுக்கிறார்கள், நீதிபோதனை பீரியட் உண்மையில் நடக்கிறதா என்றும் கேளுங்கள்.