5 ரூபாய் டிக்கெட், 500 ரூபாய் ஞாயிறு

எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கணக்கு உண்டு. ஐந்து பேர், 500 ரூபாய். அதற்குள் வெளியே போக வேண்டும், குழந்தைகள் பார்க்கிற மாதிரி ஏதாவது இருக்க வேண்டும், எல்லோரும் வயிறு நிறையச் சாப்பிட்டுத் திரும்ப வேண்டும். நான், கணவர், எட்டாவது படிக்கும் மகள், நான்காவது படிக்கும் மகன், முழங்கால் வலியோடு மாமியார். குடியிருப்பது சிட்லபாக்கம், பக்கத்து ஸ்டேஷன் குரோம்பேட்டை.

500 ரூபாயில் இன்றைக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஷாப்பிங் மாலை மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள். பார்க்கிங், விளையாட்டுக்கான கார்டு, ஃபுட் கோர்ட்டில் ஆளுக்கொரு தட்டு என்று போனால் 500 ரூபாய் வாசலிலேயே முடிந்துவிடும். நாங்கள் வைத்திருக்கும் வழி வேறு. உள்ளே நுழையக் காசு கேட்கும் இடத்துக்கு ஆண்டுக்கு ஓரிரு முறைதான். போய் வருவதற்கு மிகக் குறைவாகச் செலவு. மிச்சம் அத்தனையும் சாப்பாட்டுக்கு.

போக்குவரத்தில் மிச்சம் பிடிப்பது எங்கள் பக்கம் சுலபம். கடற்கரை - தாம்பரம் தடத்தில் 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. புறநகர் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் இன்றும் 5 ரூபாய்தான். தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை போனாலும் 10 ரூபாய். ஐந்து பேர் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்ப 50 ரூபாய் போதும். பஸ் இன்னும் மிச்சம். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எங்கள் ஐவரில் மூவர் பெண்கள். முன்புறம் பிங்க் நிறம் பூசிய பஸ் வருகிறதா என்று பார்த்து ஏறினால் அப்பாவுக்கும் பையனுக்கும் மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும்.

இவ்வளவு மலிவான ரயிலை நம்மில் பலர் ஆபீஸுக்கும் ரங்கநாதன் தெருவுக்கும் மட்டுமே பயன்படுத்துகிறோம். திரிசூலம் ஸ்டேஷனில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் பெட்டியோடு மேற்கே ஏர்போர்ட்டுக்குத்தான் போவார்கள். கிழக்கே திரும்பி நடந்தால் குன்றுகளுக்கு நடுவில் திரிசூலநாதர் கோயில். சோழர் காலத்துக் கற்றளி. ஜி.எஸ்.டி. ரோட்டின் இரைச்சல் அங்கே எட்டுவதில்லை. காலை ஏழரைக்குப் போனால் பிராகாரத்தில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். மாமியாருக்குப் படி ஏறும் வேலை இல்லை என்பதால் அவருக்குப் பிடித்த கோயில் இது.

எனக்குப் பிடித்தது திருநீர்மலை. பல்லாவரத்திலிருந்து பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் கிடைக்கும். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பெருமாளை நின்ற, இருந்த, கிடந்த, நடந்த என நான்கு கோலங்களிலும் ஒரே ஊரில் பார்க்கலாம். அடிவாரக் கோயிலில் நீர்வண்ணர் நிற்கிறார். மலைமேல் நரசிம்மர் அமர்ந்திருக்க, ரங்கநாதர் சயனத்தில் இருக்க, உலகளந்த பெருமாள் கால் தூக்கி நடக்கிறார். சுற்றிலும் நீர் சூழ்ந்து கிடந்ததால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து தரிசித்தார் என்பது தல வரலாறு. மாமியார் அடிவாரத்தில் நீர்வண்ணரோடு இருந்துகொள்வார். நாங்கள் நால்வரும் ஏறுவோம். சின்னக் குன்றுதான், நாலாவது படிக்கும் பையன் நிற்காமல் ஏறிவிடுவான். மேலே போனால் ஒரு பக்கம் கோயில் குளம், இன்னொரு பக்கம் பைபாஸில் எறும்பு வரிசையாக லாரிகள், தூரத்தில் இறங்கும் விமானங்கள். என் பையன் கோயிலுக்கு வர ஒப்புக்கொள்வதே அந்த விமானங்களுக்காகத்தான். அதனால் என்ன, வரட்டும். நான்கு கோலங்களையும் இப்போது அவனே மாமியாருக்கு வரிசையாகச் சொல்கிறான்.

தாம்பரத்துக்குத் தெற்கே மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலையும் இதோடு சேர்க்க வேண்டும். கிழக்குத் தாம்பரத்திலிருந்து சேலையூர் வழியாகப் பஸ். சுந்தர சோழர் காலத்தது என்று சொல்லப்படும் இந்தக் கோயில் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. விமானத்தைப் பின்பக்கம் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள் குழந்தைகளை. படுத்திருக்கும் யானையின் முதுகு மாதிரி வளைந்திருக்கும், கஜபிருஷ்டம் என்பார்கள். மண்டபத் தூண்களில் சிற்பங்கள் நிறைய. ஒரு தூணில் இருக்கும் சரபேஸ்வரருக்கு ஞாயிறு ராகு காலத்தில் பூஜை நடப்பதால், மாலை நாலரையிலிருந்து ஆறு வரை நல்ல கூட்டம் இருக்கும். சிற்பம் பார்க்க வேண்டுமென்றால் காலையில் போங்கள்.

கோயிலே வேண்டாம் என்பவர்களுக்கு வெள்ளிக்கிழமை இருக்கிறது. பல்லாவரம் சந்தை அன்றைக்கு மட்டும்தான், பழைய டிரங்க் ரோட்டில். பள்ளி விடுமுறை வெள்ளியில் வந்தால் எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. ரோஜா, செம்பருத்தி, கறிவேப்பிலைக் கன்றுகள், மண்சட்டி, புறா, வண்ண மீன், நெத்திலிக் கருவாடு, பழைய மிக்ஸி, ரிமோட், கட்டில், சைக்கிள் உதிரிபாகம், எடை போட்டு விற்கும் நட்டு போல்ட்டு. வாங்காமல் நடந்தாலே இரண்டு மணி நேரம் ஓடிவிடும். வாங்குவதென்றால் காலை பத்துக்குள் போக வேண்டும். வெயிலும் குறைவு, கூட்டமும் குறைவு. செடி வாங்கும்போது பூவைப் பார்க்காதீர்கள், பையின் அடியில் வேர் வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய மின்சாமானை அங்கேயே ஓட்டிக் காட்டாமல் வாங்காதீர்கள்.

இந்தச் சந்தைக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு நான் சொல்கிற விஷயம் ஒன்று. 1863 மே மாதம், ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் இதே பல்லாவரத்தில் தரையிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். பழைய கற்கால மனிதன் செதுக்கிய கற்கருவி அது. இந்தியாவில் அப்படி ஒன்று அடையாளம் காணப்பட்டது அதுதான் முதல் முறை. அதைக் கேட்டதிலிருந்து என் மகள் பல்லாவரத்தில் கீழே பார்த்துத்தான் நடக்கிறாள். ஊர்க் குன்றில் மகேந்திரவர்ம பல்லவனின் பட்டப்பெயர்கள் பொறித்த குடைவரை ஒன்றும் இருக்கிறது. நெடுங்காலமாக அது தர்காவாக வழிபாட்டில் உள்ளது. செருப்பைக் கழற்றிவிட்டு, தொழுபவர்களுக்கு இடையூறில்லாமல் பார்த்து வரலாம்.

சந்தைக்குப் போனால் கூழ் குடிக்காமல் வருவதில்லை. தள்ளுவண்டியில் பெரிய மண்பானை, வாயில் ஈரத்துணி கட்டியிருக்கும். கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் நொய்யோடு சேர்த்துக் காய்ச்சி, ஓர் இரவு ஆறப் போட்டது. கடைக்காரத் தம்பி கையால் ஓர் உருண்டையை எடுத்துச் சொம்பில் போட்டு, மோர் விட்டு, உப்புப் போட்டுக் கரைப்பார். கட்டி இல்லாமல் கரைய அரை நிமிஷம் ஆகும். "அக்கா, மாங்கா போடவா, வெங்காயம் போதுமா?" "ரெண்டுமே போடுப்பா. பாட்டிக்கு மட்டும் மொளகா வேணாம்." தொட்டுக்கொள்ளச் சின்னச் சின்னத் தட்டுகளில் மோர் மிளகாய், கொத்தவரங்காய் வற்றல், மாங்காய்த் துண்டு, கருவாடு. வற்றலைக் கடித்துக்கொண்டு ஒரு சொம்பு கூழ் குடித்தால் மத்தியானம் மூன்று மணி வரை பசி வராது. ஐந்து பேருக்கும் சேர்த்து, ஒரு நல்ல ஓட்டலில் ஒருவர் சாப்பிடுகிற காசுதான் ஆகும்.

தெருவோரக் கடை ஏன் மலிவு? சாமான் மட்டம் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு. நல்ல கடை மலிவாக இருப்பதற்குக் காரணம் அது செய்கிற பண்டங்கள் குறைவு என்பதுதான். ஒரே மாவில் காலை இட்லி, கொஞ்சம் புளித்தால் தோசை, மிச்சத்தில் பணியாரம். கணவன் கல்லில் நிற்க, மனைவி சட்னி ஊற்ற, மாமியார் வீட்டிலிருந்து சாம்பார் அனுப்புகிறார். கடை வாடகை, ஏசி, கூலி எதுவும் இலை மேல் ஏறுவதில்லை. விற்றுத் தீர்ந்ததும் வண்டி கிளம்பிவிடும், நாளைக்கு என்று எதுவும் மிஞ்சுவதில்லை. இருபது வகை எழுதிப் போட்ட வண்டியைவிட மூன்றே வகை விற்கும் வண்டியை நான் நம்புவது இதனால்தான்.

வேறு சிலவும் பார்ப்பேன். ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பக்கத்து இட்லிக் கடை பெரும்பாலும் ஏமாற்றாது. தினமும் சாப்பிடுகிறவர்கள் வயிறு கெட்டால் மறுநாள் வரமாட்டார்கள். பஜ்ஜி போடும் எண்ணெய் கறுத்து நுரைத்தால் நகர்ந்துவிடுங்கள். பொரித்த எண்ணெயில் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்துக்கு மேல் போனால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. நமக்குக் கருவி தேவையில்லை, நிறமும் நுரையும் காரல் நெடியும் போதும். வடையைச் செய்தித்தாளில் வைத்துத் தந்தால் வாங்காதீர்கள், அச்சு மை எண்ணெயில் இறங்கும். நான் ஓர் எவர்சில்வர் டப்பாவை நீட்டுவேன், யாரும் மறுத்ததில்லை. இரவு ஒன்பதுக்கு மேல் தேங்காய்ச் சட்னி வேண்டாம், காரச் சட்னி வாங்குங்கள்.

மாதக் கடைசியில் கை ரொம்பக் கடிக்கும்போது அம்மா உணவகம். 2013-இல் 1 ரூபாய் இட்லி, 5 ரூபாய் சாம்பார் சாதம், 3 ரூபாய் தயிர் சாதம் என்று தொடங்கியது. அங்கே போய்ச் சாப்பிடக் கூச்சப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். சூடான சாதம், உட்கார்ந்தோ நின்றோ சாப்பிட இடம், சமைப்பவர்கள் நம் தெருப் பெண்கள். இதில் கூச்சத்துக்கு என்ன இருக்கிறது?

சாயங்காலத்துக்கு ஏரிகள். எங்கள் சிட்லபாக்கம் ஏரியைக் குப்பையிலிருந்து மீட்கத் தெருக்காரர்களே இறங்கி வேலை செய்தார்கள். இன்று கரையில் நடைபாதை இருக்கிறது. நடந்து முடித்தவர்களுக்கென்றே சூப் வண்டிகள் வருகின்றன. முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, கொஞ்சம் மிளகுத்தூள் தூக்கலாக. டிசம்பர் தொடங்கிவிட்டால் பல்லாவரம் - துரைப்பாக்கம் 200 அடி ரோட்டில் போகும் பஸ்ஸில் இடப்பக்கம், வலப்பக்கம் எதுவானாலும் ஜன்னலோரம் பிடியுங்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் நடுவே போகிறது அந்த ரோடு. 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த நிலம். கூழைக்கடா, நாமக்கோழி, நீலத்தாழைக்கோழி எல்லாம் பஸ்ஸிலிருந்தே தெரியும். தண்ணீர் அளவாக இருக்கும் ஆண்டுகளில் பூநாரைகளும் வந்து நிற்கும்.

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு ஆண்டுக்கு ஒரு முறை. 1985-இல் நகரத்திலிருந்து இங்கே வந்தது, சுமார் 600 ஹெக்டேர். டிக்கெட் விலை ஏறிவிட்டதால் அன்று மட்டும் 500 ரூபாய்க் கணக்கு உடையும். செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பது தெரியாமல் வந்து வாசலில் நிற்கும் குடும்பங்களை ரயிலில் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

ஒரு குறையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நாங்கள் வழக்கமாகப் போகும் பூங்கா ஒன்றில் பெண்கள் கழிப்பறை எப்போதும் பூட்டியே கிடக்கிறது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கொரு பேரைச் சொல்கிறார்கள். மாமியாரை அங்கே அழைத்துப் போவதை நிறுத்திவிட்டோம். நடைபாதைக்குக் கல் பதிக்கவும் விளக்குப் போடவும் பணம் இருக்கும்போது, ஒரு கதவைத் திறந்து வைத்துச் சுத்தம் செய்ய ஆள் போடுவது பெரிய காரியமில்லை. வயதானவர்களும் பெண்களும் இரண்டு மணி நேரம் நிம்மதியாக உட்கார முடியாத இடத்தைப் பொழுதுபோக்கு இடம் என்று சொல்லக் கூடாது. இப்படிப் பூட்டிய கதவு உங்கள் ஊரிலும் இருந்தால் வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள். ஒருவர் கேட்டால் நகராது, பத்து வீட்டுக்காரர்கள் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

முதலில் எங்கே போவது என்று கேட்டால், திருநீர்மலை. சனிக்கிழமை கூட்டம் அதிகம், ஞாயிறு காலை போங்கள். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் எட்டு மணிக்குள் அடிவாரத்தில் இருங்கள். தண்ணீர் பாட்டில், டப்பா, பத்து ரூபாய்த் தாள்களாகச் சில்லறை எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் பல்லாவரத்தில் டிபன்.