கெடு 2.7 மில்லிநொடி

கொன்னக்கோல் பக்கிரியா பிள்ளையையும் மிருதங்கம் ஈஸ்வரனையும் ‘மன்னார்குடி’ என்ற அடைமொழியோடுதான் இசையுலகம் அறியும். அந்த ஊரில் வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்ய லேப்டாப் வாங்குகிறவர், பிராசஸரிலும் முதலில் பார்க்கவேண்டியது காலப்பிரமாணத்தைத்தான்.

அரை நொடிக்கு ஓர் அட்சரம், அட்சரத்துக்கு எட்டுச் சொல் என்று வாசித்தால், சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி 62 மில்லிநொடி. அந்த நாதம் மைக் வழியே லேப்டாப்புக்குள் போய், வாசிப்பவரின் ஹெட்போனுக்குத் திரும்பி வரவேண்டும். கணினி ஒலியைத் துண்டு துண்டாகத்தான் வாங்கிக்கொள்ளும். அந்தத் துண்டுக்குப் பெயர் பஃபர். நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கையில், பஃபரை 512 மாதிரியாக வைத்தால் போக வர 21 மில்லிநொடி ஓடிவிடும். சொல் இடைவெளியில் மூன்றிலொரு பங்கு! கை ஓரிடம், காது ஓரிடம். 128 ஆகக் குறைத்தால் ஐந்து மில்லிநொடிதான்; ஒலி காற்றில் இரண்டு மீட்டர் கடக்கவே அதைவிட அதிகம் ஆகும்.

ஆனால் அப்போது ஒவ்வொரு துண்டையும் முடிக்கப் பிராசஸருக்குக் கிடைக்கும் கெடு 2.7 மில்லிநொடி. நொடிக்கு 375 தடவை அந்தக் கெடு வரும். ஒருமுறை தவறினாலும் பாட்டில் ‘டப்’பென்று ஒரு வெடிப்பு.

பிராசஸருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகளே கோர்கள்; இங்கேதான் அவற்றின் கணக்கு பலரைக் குழப்புகிறது. ஒரே வயலில் உழவு முடியாமல் நடவாட்கள் இறங்க முடியாது. பத்து வயல் என்றால் பத்துக் குழு சேர்ந்தாற்போல் இறங்கலாம். ட்ராக்குகளும் அப்படித்தான். தனித்தனி ட்ராக்குகளைக் கோர்கள் பங்குபோட்டுக்கொள்ளும். ஒரு குரலுக்குப் போடும் ஈக்யூ, கம்ப்ரஸர், ரிவெர்ப் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்கும். எல்லாம் கலக்கும் மாஸ்டரும் அதே வரிசைதான். அதனால் கோர் எண்ணிக்கையைவிட ஒற்றைக் கோரின் வேகமே பெரிது. எண்ணிக்கையிலும் ரகம் உண்டு: 2020இல் வந்த ஆப்பிள் எம்1 சிப்பின் எட்டுக் கோர்களில் வேகமானவை நான்குதான்.

அடுத்தது சூடு. குரல் பதியும்போது மின்விசிறியை நிறுத்தவேண்டும், ஜன்னலைச் சாத்தவேண்டும். சித்திரை வெயிலில் அந்த அறையில் கால் மணி நேரம் போனால், விசிறி இல்லாத மெல்லிய லேப்டாப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். விசிறி உள்ள லேப்டாப்போ இரைய ஆரம்பிக்கும். மைக் அதையும் பதியும். கரண்ட் போனால் பேட்டரியில் மந்தமாகிவிடும் லேப்டாப்புகளும் உண்டு.

அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது உச்ச வேகம். அது சில நொடிகளுக்கானது. வாங்குமுன் அதே மாடல் வைத்திருப்பவரிடம் கேட்டு, சார்ஜரைக் கழற்றி, பஃபரை 128இல் வைத்து, நிறைய ட்ராக் உள்ள ஒரு பாட்டை அரை மணி ஓட்டிப் பாருங்கள்.