பழைய காரின் பிரேக் டிஸ்க்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்குக் களியக்காவிளையும் மார்த்தாண்டமும் அடுத்த மாநிலம் என்றே தோன்றுவதில்லை. 1956 நவம்பர் 1-இல் தெற்கிலிருந்த நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. உறவுகள் எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கின்றன. கல்யாணம், காதுகுத்து என்று போய்வர இன்றும் பல வீடுகளில் உழைப்பது மாருதி 800 போன்ற பழைய வண்டிதான். அதன் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. 15 ஆண்டு கடந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கும்போது பிரேக்கையும் பார்க்கிறார்கள். ஆனால் அந்தச் சோதனை ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான். நடுவில் பார்க்க வேண்டியவர் வண்டிக்காரர்.

இந்த வண்டிகளில் முன் சக்கரத்துக்கு டிஸ்க், பின் சக்கரத்துக்கு டிரம். நிறுத்தும் பாரத்தில் பெரும்பங்கு முன்பக்கத்துக்கே. டிஸ்க் என்பது வார்ப்பிரும்புத் தட்டு. காலிப்பருக்குள் இருக்கும் இரண்டு பேட்கள் அதைக் கவ்வுகின்றன. ரயிலில் பழைய ஐ.சி.எஃப். பெட்டிகளில் பிரேக் கட்டை சக்கரத்தின் மேலேயே அழுத்தும், எல்.எச்.பி. பெட்டிகளில் அச்சின் மேல் டிஸ்க் வந்துவிட்டது. எங்கே பார்த்தாலும் வேலை ஒன்றுதான்: ஓட்டத்தைச் சூடாக மாற்றுவது.

அந்தச் சூடு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்களோடு 900 கிலோ எடையுள்ள கார், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால் சுமார் 125 கிலோஜூல் வெப்பம் பிறக்கும். முன் டிஸ்க் ஒன்று மூன்று கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒரே நிறுத்தத்தில் அது ஏறத்தாழ 30 டிகிரி சூடேறும். இது ஒன்றும் பெரிதல்ல. ஆனால் பொன்முடியிலிருந்து இறங்கும்போது, 100 மீட்டர் உயரத்தைப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிறக்கும் வெப்பம் அப்படிப்பட்ட ஏழு நிறுத்தங்களுக்குச் சமம். நடுவில் ஆறுவதற்கு நேரமும் இல்லை. தேய்ந்த டிஸ்க்கில் இரும்பு குறைவு. ஆகவே அது இன்னும் சீக்கிரம் கொதிக்கும். இறக்கத்தில் இரண்டாவது கியரில் வாருங்கள் என்று பெரியவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

பிரேக் மிதிக்கும்போது பெடல் துடித்தால், "டிஸ்க் வளைந்துவிட்டது" என்பார்கள். பெரும்பாலும் அது வளைவல்ல. தட்டின் கனம் இடத்துக்கு இடம் மாறியிருக்கும். டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் நடுவே துரு சேர்ந்தால் தட்டு மிகச் சிறிது சாய்ந்து சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் உரசி அங்கே மட்டும் தேயும். சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசமே காலுக்குத் தெரிந்துவிடும். இடவப்பாதியும் துலாவர்ஷமும் பெய்யும் நம் பகுதியில், வாரக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இந்தத் தொல்லை அதிகம். மழை விட்ட மறுநாள் தெரியும் மெல்லிய செந்துரு நாலு மிதியில் போய்விடும். அதற்குப் பயப்பட வேண்டாம். குழி விழுந்த துரு வேறு விஷயம்.

டிஸ்க்கின் குறைந்தபட்சக் கனம் பெரும்பாலும் அதன் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ பொறிக்கப்பட்டிருக்கும். அளப்பதற்கு மைக்ரோமீட்டர் வேண்டும். வெர்னியர் ஓரத்தில் நிற்கும் தேயாத விளிம்பில் தட்டி, இருப்பதைவிட அதிகமாகக் காட்டி ஏமாற்றும். சுற்றிலும் எட்டு இடங்களில் அளந்து, மிகக் குறைந்த அளவையே கணக்கில் எடுங்கள். லேத்தில் சீவலாம் என்பார்கள். சீவிய பிறகும் அந்த எண்ணுக்கு மேலே கனம் நின்றால் சரி. மெல்லிய தட்டுக்கு அது பெரும்பாலும் கட்டுப்படியாகாது, புதிதே மேல்.

மாற்றுவதானால் இடம் வலம் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பேடும் புதிதாக இருக்கட்டும். வண்டியை ஜாக்கியை நம்பி விடாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். கழற்றிய காலிப்பரை ரப்பர் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். பிரேக் தூசியை வாயால் ஊதக் கூடாது, காற்று அடிக்கவும் கூடாது. பழைய பேடில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைப்பதே நல்லது. ஹப்பின் முகத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் துரு போகத் தேய்ப்பதுதான் இந்த வேலையின் உயிர். அதை விட்டுவிட்டால் புது டிஸ்க்கும் சில ஆயிரம் கிலோமீட்டரில் துடிக்கும். சில பழைய வண்டிகளில் டிஸ்க் ஹப்பின் உட்புறம் போல்ட்டில் இருக்கும். ஹப்பையே கழற்ற வேண்டும். அதை ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

புது டிஸ்க்கில் பூசிவரும் எண்ணெயைப் பிரேக் கிளீனரால் கழுவுங்கள், மண்ணெண்ணெய் வேண்டாம். காலிப்பர் வழுக்கும் பின்களுக்குச் சிலிக்கான் கிரீஸ்தான். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி தாங்கும், ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரி. எனவே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

எல்லாம் மாட்டியதும், வண்டியை நகர்த்துமுன் பெடலைக் கெட்டியாகும்வரை மிதியுங்கள். பிஸ்டனைப் பின்னே தள்ளியிருப்பதால் முதல் மிதி தரை வரை போகும். வாசலிலேயே விபத்து நடப்பது இப்படித்தான். பிறகு காலியான சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 வரை மெதுவாகக் குறைப்பதைப் பத்துத் தடவை, இடைவெளி விட்டுச் செய்யுங்கள். சூடாக இருக்கும்போது பெடலை அழுத்தியபடியே நிற்க வேண்டாம். நூறு கிலோமீட்டர் ஓடியபின் சக்கர நட்டுகளை எதிர் எதிராக ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.