சிறு கூட்டமாய்க் கானகம் செல்லுதல்

முகப்பேர், நொளம்பூர், அம்பத்தூர் முதலிய இடங்களில் ஏரிப் பாய்ச்சலால் நெல் விளைந்த காலத்தை நம் அங்கத்தினருள் முதியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வரப்பின்மீது நடந்து அடுத்த ஊருக்குப் போய் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மரநிழலில் நூறு அடி நடக்க வேண்டுமானாலும் பூங்காவைத் தேடிச் செல்கிறார்கள். ஆகவேதான், விடுமுறை நாட்களில் பத்துப் பேர், பன்னிரண்டு பேராகச் சேர்ந்து மலைக்கும் காட்டுக்கும் நடந்துபோய் வரும் வழக்கமும், மக்கள் நெருக்கமற்ற இயற்கையான இடத்தில் சில நாள் தங்கி ஓவியம், எழுத்து, கைவேலை ஆகியவற்றில் ஈடுபடும் வழக்கமும் பட்டணத்தாரிடையே பரவி வருகின்றன. இவையெல்லாம் பணம் படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று நம்மவர் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அவ்வாறு ஒதுக்க வேண்டியதில்லை என்பதே நமது கருத்து. ஆனால், முறை தெரியாமல் செய்தால் இதில் உயிர்ச்சேதம் நேரக்கூடும். அந்த முறையைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

இப்பழக்கத்தைத் தொழிலாளர்களிடையே முதலில் ஒழுங்காக நடத்திக் காட்டியவர்களுள் நெசவு நகரத்தாரும் இருந்தனர் என்பது நம் அங்கத்தினர்களுக்கு வியப்பளிக்கலாம். இங்கிலாந்தில் லங்காஷயரைச் சேர்ந்த கோல்ன் என்னும் ஊர் பருத்தி ஆலைகளால் வாழ்ந்த ஊர். (நம் நாட்டுக் கைத்தறியை நலியச் செய்தது லங்காஷயர் ஆலைத் துணிதான். ஆயினும் அங்கே தறியருகில் நின்று உழைத்தவன் நம்மைப் போன்ற தொழிலாளிதானே!) ஆண்டுக்கு ஒரு முறை ஆலைகளை மூடுவார்கள். அந்த நாட்களில் தொழிலாளர்கள் கடற்கரைக் கேளிக்கை நகரங்களுக்குச் சென்று, சிறுகச் சிறுகச் சேர்த்த காசையெல்லாம் செலவழித்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவது வழக்கம். அவ்வூரில் பாதிரியாராக இருந்த தாமஸ் ஆர்தர் லெனார்டு என்பவர் இதைக் கண்டு வருந்தி, 1891ஆம் ஆண்டில் முப்பதுக்குச் சற்று மேற்பட்டவர்களை ஏரிகளும் குன்றுகளும் நிறைந்த ஆம்பிள்சைடு என்னும் இடத்துக்கு அழைத்துச் சென்றார். பகலெல்லாம் நடை, இரவில் எளிய தங்கல், செலவு எல்லாருக்கும் பொது. அடுத்த ஆண்டுகளில் இதற்கு ஆதரவு பெருகவே, 1893இல் கூட்டுறவு விடுமுறைச் சங்கம் ஒன்று தோன்றிற்று. காலப்போக்கில் அச்சங்கம் வசதியுள்ளவர்களின் சங்கமாக மாறி வருகிறது என்ற மனக்குறை லெனார்டுக்கு ஏற்பட்டது. அதனால் 1913இல் அவர் வேறோர் அமைப்பைத் தொடங்கினார். கூட்டுறவில் அனுபவமுள்ளவர்களுக்கு இந்தப் பிற்பகுதியும் புதிதாகத் தோன்றாது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். முகப்பேரிலிருந்து மேற்கே ஆவடி, திருவள்ளூர் வழியாகச் சென்றால் ஏறத்தாழ 45 கிலோமீட்டரில் பூண்டி நீர்த்தேக்கத்தை அடையலாம். கொசஸ்தலையாற்றின் குறுக்கே அணை கட்டி 1944இல் முடிக்கப்பெற்ற இந்நீர்த்தேக்கம் தேசத் தலைவர் சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கியது; சென்னை மக்கள் குடிப்பதும் இந்த நீரைத்தான். அதற்கு அப்பால் அல்லிக்குழி என்று வழங்கும் தாழ்ந்த மலைத்தொடர் தென்படும். அங்குள்ள குடியம் என்னும் சிற்றூரிலிருந்து முட்புதர்க் காட்டினூடே நடந்தால் குடியம் குகைகளுக்குப் போய்ச் சேரலாம். குகை என்று சொன்னாலும், அவை இருண்ட சுரங்கங்கள் அல்ல. கூழாங்கற்கள் ஒன்றோடொன்று இறுகிப் பாறையாகி, அப்பாறையின் அடிப்பகுதி அரிக்கப்பட்டு, கூரைபோல் மேற்பகுதி முன்நீண்டு நிற்கும் இயற்கை மண்டபங்கள். பெரிய மண்டபத்தில் ஊரார் அம்மனை வைத்து வழிபடுகிறார்கள்.

இம்மண்டபங்களில் மனிதன் எப்போது முதலில் நிழலுக்கு ஒதுங்கினான் என்பதை நினைத்தால் மயக்கமே வரும். ராபர்ட் புரூஸ் புட் என்னும் நிலவியல் அறிஞர் 1863 மே மாதத்தில் பல்லாவரத்தில் கற்காலக் கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அவரும் அவருடைய தோழர் கிங் என்பவரும் கொசஸ்தலையாற்றுப் பகுதியில் அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தார்கள். குடியத்துக்கு அருகில்தான் அவ்வூர் இருக்கிறது. சாந்தி பப்பு அம்மையாரும் அவருடைய குழுவினரும் அங்கே அகழ்ந்து ஆராய்ந்ததன் பயனாக, அங்குக் கிடைத்த கருவிகளுள் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011இல் அறிவிக்கப்பட்டது. அதைவிட நுட்பமான அடுத்த வகைக் கருவிகள் அங்கே 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டன என்று 2018இல் வெளியிட்டார்கள். கைத்தொழிலாளராகிய நமக்கு இதில் ஒரு தனி உரிமை உண்டு. கல்லின் இயல்பை அறிந்து, எந்த இடத்தில் தட்டினால் எந்த வடிவில் சிம்பு பெயரும் என்று கணக்கிட்டவன் தொழில் தெரிந்தவன். அவன் தொழிற்கூடம் நம் ஊருக்கு ஒரு நாள் பயண தூரத்தில் இருக்கிறது. அங்குள்ள கல் ஒன்றையும் எடுத்து வரக் கூடாது. கிடந்த இடத்தை விட்டு நீங்கிய கல் ஆராய்ச்சிக்குப் பயன்படாது.

நடை எளிதாகத் தோன்றும்போதுதான் அசட்டையும் வந்து சேருகிறது. 2018 மார்ச் 11ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்ததை நாம் மறக்கலாகாது. சென்னையிலிருந்து ஒரு கூட்டமும், ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்து மற்றொரு கூட்டமும் கொழுக்குமலைப் பக்கத்திலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தன. பெரும்பாலோர் இளவயதினர். காய்ந்த புல் மூடிய சரிவில் காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. அதில் மாண்டோர் 23 பேர்.

தீயின் இயல்பை இங்கே சற்று விளக்கியாக வேண்டும். சமதரையில் மெல்ல நகரும் தீ, மலைச்சரிவில் மேல்நோக்கிப் பாயும். சரிவின் காரணமாகச் சுடர் மேலேயுள்ள புல்லின்மீது சாய்கிறது. வெப்பக் காற்றும் மேலெழுந்து அப்புல்லை முன்னதாகவே உலர்த்திவிடுகிறது. சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது தீயணைப்பாளர்கள் கொள்ளும் கணக்கு. மனிதனுடைய ஓட்டமோ மேட்டில் குறைந்துகொண்டே போகும். ஆகையால் தீயைக் கண்டு மேட்டை நோக்கி ஓடுபவர் தம்மைவிட விரைவான எதிரியோடு போட்டியிடுகிறார். புல்லற்ற பாறை, ஓடைப் படுகை, முன்பே எரிந்து கரிந்த தரை ஆகியவையே புகலிடம். இவற்றுள் எது எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அந்தக் காட்டில் பிறந்து வளர்ந்தவருக்குத்தான் உடனே தெரியும். பட்டணத்திலிருந்து வரைபடத்தோடு வந்தவர் புகைக்குள் திசை அறியமாட்டார்.

இவ்விபத்துக்குப் பின்னர் அரசாங்கம் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளை 2018ஆம் ஆண்டிலேயே வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறையும் தமிழ்நாடு வன அனுபவக் கழகமும் சேர்ந்து 14 மாவட்டங்களில் 40 நடைப்பாதைகளை முறைப்படி திறந்தன. குடியம் குகைப் பாதையும் அவற்றுள் ஒன்று. முன்னதாகப் பதிவு செய்து கட்டணம் செலுத்தியவர்களைப் பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் அழைத்துச் செல்கிறார்கள். மலையடிவாரத்துப் பழங்குடியினரும் சிற்றூர் இளைஞர்களும் இவ்வேலையில் அமர்த்தப்பட்டிருப்பது நமக்கு மிகவும் பிடித்த அம்சம். காட்டைக் காட்டுபவருக்குக் காட்டால் பிழைப்பு உண்டானால், காட்டைக் காப்பதும் அவருக்குத் தம் காரியமாகிவிடும். காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவதும் நடைமுறைக்கு வந்துள்ளது. 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடியிருந்தார்கள். அக்காலத்தில் திருட்டுத்தனமாக நுழைய வழி சொல்பவர் எவராயினும், அவர் நம் நண்பர் அல்லர்.

கூட்டம் ஏன் சிறியதாக இருக்க வேண்டும்? காட்டுப்பாதை ஒருவர் பின் ஒருவராகச் செல்லும் ஒற்றையடிப்பாதை. பத்துப் பேரானால் முன்செல்பவர் திரும்பிப் பார்த்தால் கடைசி ஆள் தென்படுவார். குரல் கொடுத்தால் கேட்கும். நாற்பது பேரானால் வரிசை தானாகவே அறுந்துவிடும். வேகமாக நடப்பவர்கள் முன்னே போய்விடுவார்கள். களைத்தவர் பின்னே தனித்து நிற்பார். யார் இருக்கிறார், யார் இல்லை என்று எண்ணுவதற்கே நேரம் சென்றுவிடும். சிறு கூட்டத்திலும் வழிகாட்டி ஒருவர் முன்னும், அனுபவசாலி ஒருவர் கடைசியிலும் வர வேண்டும். மிக மெதுவாக நடப்பவரின் வேகமே கூட்டத்தின் வேகம். குழித்தறியில் நாளெல்லாம் அமர்ந்து மிதிப்பவர்களுக்குக் கால் வலுவுண்டு என்றாலும், நெடுநடைப் பழக்கம் இராது. அவர்கள் இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே நாள்தோறும் சற்று நடந்து பழகுவது நல்லது.

உடை விஷயத்தில் நெசவாளருக்குப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் காரணத்தைச் சொல்லிவைக்கிறோம். முழுக்கைப் பருத்திச் சட்டை வியர்வையை உறிஞ்சும், முள்ளையும் ஓரளவு தடுக்கும். தீப்பொறி பட்டால் பருத்தி கருகும். நைலான், பாலியெஸ்டர் போன்றவை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கடைகளில் மலையேற்ற உடை என்று பளபளப்பாக விற்பவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையே. ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாத தண்ணீர், தொப்பி அல்லது தலைத்துண்டு, கணுக்காலை மறைக்கும் காலணி ஆகியவை போதும். அத்தர், வாசனைத் தைலம் வேண்டாம். குடியம் பாறைகளில் மலைத்தேனீக்கள் பெரிய அடைகள் கட்டித் தொங்குகின்றன. கடும் வாசனையும் புகையும் கூச்சலும் அவற்றைக் கிளப்பிவிடும். கிளம்பிய தேனீக் கூட்டத்தின் முன் எந்த வீரனும் நிற்கமாட்டான்.

பாம்பைப் பற்றிய பயமே பலரைத் தடுக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கினால்தான் நம் நாட்டில் பாம்புக்கடிச் சாவுகளில் பெரும்பகுதி நேர்கிறது. அடியெடுத்து வைக்கும் இடத்தைப் பார்த்து நடப்பதும், கல்லிடுக்கில் கை விடாதிருப்பதுமே முதற்காப்பு. கடித்துவிட்டால் கடிவாயை அறுக்கவோ, உறிஞ்சவோ, இறுக்கிக் கட்டவோ கூடாது. அந்த உறுப்பை அசையாமல் வைத்துக்கொண்டு விரைவில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அங்கே கொடுக்கும் நச்சுமுறிவு மருந்துக்கும் கூட்டுறவுக்கும் உள்ள உறவை நம் அங்கத்தினர்கள் அறிந்திருப்பது தகும். தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர்கள், அவ்வியாபாரத்தைச் சட்டம் தடுத்த பிறகு பிழைப்பற்று நின்றார்கள். 1978இல் அவர்களுக்காக மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் ஒன்று அமைக்கப்பட்டது. உயிரோடு பிடித்த பாம்பின் நஞ்சை எடுத்து, மருந்து செய்வோருக்கு விற்று, பாம்பை மீண்டும் காட்டிலே விட்டுவிடுகிறார்கள். அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவருக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஒரு நாள் நடையோடு திருப்தியடையாமல், இயற்கையிடையே தங்கித் தொழில் செய்ய விரும்புகிறவர்களும் உண்டு. இதற்கு நம்மிடையே சோழமண்டலத்தைவிடச் சிறந்த முன்மாதிரி கிடையாது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கர், படித்து வெளிவந்த மாணவர்கள் வயிற்றுப்பாட்டுக்காகக் கலையைக் கைவிடுவதைக் கண்டார். கலைஞர்கள் சங்கமாகச் சேர்ந்து, துணியில் மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் பாத்திக் முதலிய கைவேலைகளைச் செய்து விற்றார்கள். அவ்வருவாயைத் துணையாகக் கொண்டு 1966இல் ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரத்தில் சில ஏக்கர் மணல்வெளியை வாங்கிக் குடியேறினார்கள். அந்நாளில் அது சவுக்கும் மணலும் காற்றுமாக இருந்த இடம். கைவேலை உணவுக்கு, ஓவியமும் சிற்பமும் உள்ளத்துக்கு என்று ஏற்பாடு. செல்வரின் கொடையை எதிர்பாராமல், துணி விற்ற காசில் கலைஞர் குடியிருப்பு ஒன்று எழுந்தது என்பது நம் போன்ற சங்கங்கள் பெருமையோடு எடுத்துச் சொல்ல வேண்டிய செய்தி. இன்று சுற்றிலும் வீடுகள் நெருங்கிவிட்டன. எனினும் கலைக்கூடமும், 2009இல் திறந்த காட்சிச்சாலையும் பார்வையாளர்களை வரவேற்கின்றன.

நம் சங்கங்களும் இவ்வழியில் சிறிய முயற்சி ஒன்றைச் செய்து பார்க்கலாம். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கத்து நெசவாளர் நால்வர், புள்ளிமாதிரி எழுதத் தெரிந்தவர் இருவர், பூந்தமல்லிப் பக்கத்துத் தோட்டக்காரர் இருவர் என எட்டுப் பேர் இரண்டு நாள் பூண்டியருகே தங்கட்டும். முதல் நாள் குடியம் நடை. மறுநாள் கண்ட நிறங்களைத் தாளில் எழுதுதல். செம்மண்ணில் பதிந்த வெள்ளைக் கூழாங்கல் வரிசையைப் பார்த்தவருக்குப் புதிய கரை ஒன்று தோன்றாமற்போகாது. சாயம் தரும் செடி எது, வேலிக்கு ஏற்றது எது என்பதை வழிகாட்டியிடம் தோட்டக்காரர்கள் கேட்டறியலாம். கிளையொடிக்கவோ வேர் பிடுங்கவோ கூடாது.

செலவுக் கணக்கை முன்கூட்டியே எழுதி எல்லாரிடமும் காட்டிவிட வேண்டும். பாதைக் கட்டணம், வண்டிச் சத்தம், உணவு, தங்கல் ஆகியவற்றைத் தனித்தனியே குறித்து, மீதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே ஒழுங்கு. வருகிறவர்களின் பெயர், வயது, நோய் விவரம், வீட்டாரின் தொலைபேசி எண் ஆகியவற்றைச் சங்க அலுவலகத்தில் ஒரு பிரதி வைத்துவிட்டுப் புறப்பட வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், மார்கழி, தை மாதங்களே ஏற்ற காலம். புல் பசுமையாகவும் வெயில் தணிந்தும் இருக்கும். முகப்பேர் அங்கத்தினர்கள் அம்பத்தூரிலும், மற்றவர்கள் ஆவடியிலும் மின்சார ரயில் ஏறினால் திருவள்ளூரில் ஒன்றுகூடலாம். அங்கிருந்து பூண்டிக்குச் சாலை வழியாகச் செல்ல வேண்டும். நடையை விடியற்காலையில் தொடங்கி, உச்சிவெயிலுக்கு முன் குகையிலிருந்து திரும்பிவிடுவது உசிதம்.