ஒரு சமையலறைக்கு மூன்று கடை

பினாங்கு ஜார்ஜ் டவுனில், சுங்கை பினாங் ஆற்றை ஒட்டிய அடுக்குமாடிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் வீட்டுச் சாமானை ஒரே கடையில் வாங்கி முடிப்பதில்லை. சீனி, எண்ணெய், மாவு, சவர்க்காரம் பேரங்காடியில். மீன், கோழி, கீரை காலைச் சந்தையில். பருப்பு, புளி, பொன்னி அரிசி, பூசைப் பொருள் லிட்டில் இந்தியாவில். அலைச்சல்தான். ஆனால் அதற்குப் பின்னால் விலையும் ருசியும் சேர்ந்த ஒரு கணக்கு இருக்கிறது.

லிட்டில் இந்தியா என்று இன்று சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டப்படும் பகுதியில் லெபு பாசார், லெபு குயின், லெபு பினாங் ஆகிய தெருக்கள் அடங்கும். லெபு பாசாரைப் பழைய தமிழர்கள் கடைத்தெரு என்றே அழைத்தார்கள். லெபு பினாங்கில் செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது வட்டிக்கடைகள், இருந்தன. லெபு குயினில் மகா மாரியம்மன் கோயில் 1833 முதல் நிற்கிறது. கோயில், வட்டிக்கடை, மளிகை மூன்றும் கூப்பிடு தூரத்தில் அமைந்ததால் சம்பள நாளில் ஒரே நடையில் எல்லாம் முடிந்தது. கையில் காசில்லாத மாதத்துக்குக் கடன் கணக்கு இருந்தது. மலேசியாவில் அந்தக் கணக்குப் புத்தகத்துக்கே ‘555’ என்று பெயர். உள்ளங்கையில் அடங்கும் சின்ன நோட்டு. வாங்கிய சாமானும் விலையும் அதில் ஏறும், மாதக் கடைசியில் கூட்டிக் கட்டுவார்கள். கடன் அட்டை வந்தபின் அந்த நோட்டு பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆனால் 555-இல் வட்டி ஓடாது என்பதையும் சொல்ல வேண்டும்.

சந்தையின் கதை வேறு. பினாங்கு சாலையில் உள்ள சௌராஸ்தா சந்தை 1890-இல் தொடங்கியது. இப்போதைய கட்டடத்தின் மூலம் 1961-ஐச் சேர்ந்தது. சுங்கை பினாங்வாசிகளுக்கு ஜெலுத்தோங், பத்து லஞ்சாங் சந்தைகள் இன்னும் பக்கம். இங்கே பேரங்காடியால் ஈடுசெய்ய முடியாத ஒன்று, அரைத்த மசாலா விற்கும் கடை. மிளகாய், மல்லி, மஞ்சள், சீரகம், இஞ்சி, பூண்டு எல்லாம் ஈரமாக அரைத்துத் தனித்தனிப் பாத்திரங்களில் குவித்திருப்பார்கள். என்ன கறி, எத்தனை கிலோ மீன் அல்லது இறைச்சி என்று மட்டும் சொன்னால் போதும். விற்பவர் ஒவ்வொன்றிலும் கரண்டியால் அள்ளி, கைக்கணக்கிலேயே சேர்த்துப் பையில் கட்டித் தருவார். தேங்காயும் அப்படியே: கண் முன்னால் இயந்திரத்தில் துருவி, வேண்டுமானால் பாலாகவும் பிழிந்து கொடுப்பார்கள். அம்மி இல்லாத அடுக்குமாடி வீட்டில் அம்மியில் அரைத்த குழம்பு கொதிப்பது இந்தக் கடைகளின் தயவால்தான்.

விலையைப் பொறுத்தவரை, தமிழ்ச் சமையலறைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அரசு விலை கட்டும் பொருள்கள் சில: சீனி, பொதுப் பயன்பாட்டுக் கோதுமை மாவு, உதவித்தொகை பெறும் ஒரு கிலோ எண்ணெய்ப் பொட்டலம், உள்நாட்டு வெள்ளை அரிசி. அந்த அரிசிக்கு 10 கிலோ 26 ரிங்கிட் என்ற உச்ச விலை 2008 முதல் இருந்துவந்தது. பொன்னியும் பருப்பும் வெங்காயமும் அந்த நிரந்தரப் பட்டியலில் இல்லை. அவை வெளிநாட்டு விளைச்சலையும் வெளிநாட்டு ஆணைகளையும் நம்பி வருபவை.

இதன் பொருள் 2023-இல் நன்றாகவே புரிந்தது. அந்த ஆண்டு ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது. ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டது. பெரும்பாலும் புழுங்கலாக வரும் பொன்னியைப் பிடித்தது இந்த வரிதான். செப்டம்பர் 1 அன்று, மலேசியாவில் அரிசி இறக்குமதியைத் தன் கையில் வைத்திருக்கும் பெர்னாஸ் நிறுவனம், இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ஆக உயர்த்தியது. உடனே எல்லாரும் 26 ரிங்கிட் உள்நாட்டு அரிசியைத் தேடினார்கள். அது கடைத் தட்டுகளிலிருந்து காணாமல் போனது. டிசம்பரில் வெங்காய ஏற்றுமதிக்கும் இந்தியா தடை போட்டு, 2024 மே மாதம்தான் நீக்கியது. புதுடில்லியில் போடும் கையெழுத்து சுங்கை பினாங் அடுப்பில் தெரிகிறது.

வாங்கும் பழக்கத்தைப் பற்றிப் பேசும்போது பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை விட்டுவிட முடியாது. தமிழ்நாட்டில் பிறந்த எஸ்.எம். முகம்மது இத்ரிஸ் 2019-இல் மறையும்வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு அதை வழிநடத்தினார். சீனியைக் குறைக்கவும், பொட்டல உணவைத் தவிர்க்கவும், லேபிளைப் படிக்கவும் சங்கம் சளைக்காமல் சொல்லி வந்தது. நெகிழிப் பை விஷயத்தில் மாநில அரசே முந்திக்கொண்டது: 2009-இல் திங்கட்கிழமைகளில் இலவசப் பை கிடையாது என்று தொடங்கி, 2011 ஜனவரி 1 முதல் எல்லா நாளும் பைக்கு 20 காசு என்றாக்கியது. வீட்டிலிருந்து துணிப்பை எடுத்துப்போகும் பழக்கம் இங்கே வேரூன்றியதில் அறிவுரையைவிட அந்த 20 காசுக்கே பங்கு அதிகம்.

தீபாவளி வந்தால் நிலைமை சில நாளுக்கு மாறும். பண்டிகைக் கால உச்ச விலைத் திட்டத்தில் பருப்பு, தேங்காய், வெங்காயம், தக்காளி, ஆட்டிறைச்சி போன்றவற்றுக்கும் அரசு விலை கட்டுவது வழக்கம். அவற்றுக்கு வியாபாரிகள் இளஞ்சிவப்பு விலை அட்டை வைக்க வேண்டும். ஆண்டு முழுதும் தேவைப்படும் பருப்புக்கு ஒரு வாரப் பாதுகாப்பு போதாது. இருக்கிற அந்த நாள்களையாவது பயன்படுத்திக்கொள்ளலாம். அட்டையைப் பார்த்து வாங்குங்கள், ரசீதைக் கேட்டுப் பெறுங்கள். கூடுதல் விலை கேட்டால் உள்நாட்டு வாணிப அமைச்சிடம் புகார் செய்யலாம். 2011-ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி தனி வியாபாரிக்கு 100,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு.